“தானாப் போகட்டும் டாக்டர்”

“எங்க காப்பகத்துல இதுவரைக்கும் ஒரு நாயைக்கூடக் கருணைக்கொலை ஊசி போட்டு அனுப்பினது கிடையாது டாக்டர்” என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் இனி இதைத்தான் கேட்கப்போகிறேன்: போன வருஷம் அங்கே எத்தனை செத்தது? எப்படிச் செத்தது?

இரண்டாவதை விடுங்கள், முதல் கேள்விக்கே பல இடங்களில் பதிவேடு கிடையாது.

கோபத்துக்குக் காரணம், போன வாரம் வந்த ஒரு பெண் நாய். வண்டியில் அடிபட்டு முதுகெலும்பு முறிந்து, பின்னங்கால் இரண்டும் செயலிழந்து, ஒரு காப்பகத்தின் சிமென்ட் தரையில் மாதக்கணக்கில் கிடந்திருக்கிறது. இரண்டு பக்கமும் படுக்கைப்புண். இடது பக்கம் இடுப்பெலும்பே வெளியே தெரிந்தது. வாலடியில் புழு. மூத்திரப்பை நிரம்பி, தொட்டாலே கெட்டியாக இருந்தது. கொண்டுவந்தது ஒரு கல்லூரிப் பெண், சனி ஞாயிறுகளில் அங்கே உதவப் போகிறவள். அவளிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: “மருந்து மட்டும் போடச் சொல்லு. ஊசியெல்லாம் வேண்டாம். தானாப் போகட்டும்.”

தானாகப் போவது என்றதும் எல்லோர் மனசிலும் ஒரு படம் ஓடும். சோறு தின்று, மூலையில் சுருண்டு படுத்து, தூக்கத்திலேயே போய்ச் சேர்வது. வயசான நாய் சிலதுக்கு அந்தக் கொடுப்பினை உண்டு. முதுகு முறிந்த நாய்க்குக் கிடையாது. அதற்குத் தானாக மூத்திரம் போகாது. ஒருவர் தினமும் மூன்று நான்கு தடவை வயிற்றை அமுக்கி வெளியேற்ற வேண்டும். விட்டால் தேங்கும், கிருமி சேரும், சிறுநீரகம் வரைக்கும் ஏறும். ஈ மொய்த்த புண்ணில் ஒரே நாளில் புழு வைக்கும். அது சதையைத் தின்றுகொண்டே உள்ளே போகும். “அந்த இடத்துலதான் உணர்வே இல்லையே, வலிக்காதுல்ல?” என்று கேட்கிறார்கள். முறிவுக்கு மேலே உள்ள பாதி முழு உணர்வோடுதான் இருக்கிறது. முன்னங்காலால் மொத்த உடம்பையும் இழுத்துக்கொண்டு சோற்றுத் தட்டுக்கு வருவது அந்தப் பாதிதான். சீழ் ரத்தத்தில் கலந்தால் காய்ச்சல் அடிப்பதும் அதே உடம்புக்குத்தான். நாய் பெரும்பாலும் கத்தாது. கத்தாமல் கிடப்பதைப் பார்த்துவிட்டு “அமைதியா இருக்கு” என்று குரூப்பில் போடுகிறார்கள். இதை இயற்கை மரணம் என்று நான் எந்தச் சான்றிதழில் எழுதுவது?

இன்னொன்று. “விரலைக் கிள்ளினா காலை இழுக்குது, அப்போ உணர்வு இருக்குல்ல?” இருக்க வேண்டிய அவசியமில்லை. இழுப்பது வெறும் அனிச்சையாக இருக்கலாம். அழுத்திக் கிள்ளும்போது திரும்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா, கடிக்க வருகிறதா என்று பாருங்கள். அதுதான் கணக்கு.

பாவம் வந்து சேரும் என்பவர்களுக்கு ஒரு பழைய சங்கதி. 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி தேற வழியில்லாமல் வேதனையில் கிடந்தது. காந்தி மருத்துவரை வரவழைத்து ஊசி போடச் சொன்னார், கூடவே நின்றார். வசைக் கடிதங்கள் குவிந்தன. செய்தது அகிம்சைதான் என்று தன் பத்திரிகையிலேயே எழுதிப் பதில் சொன்னார். நம் காப்பகக்காரர்களுக்கு அவரைவிட அகிம்சை தெரியுமா, எனக்குச் சந்தேகம்தான்.

சட்டமும் தடுக்கவில்லை. 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 13-வது பிரிவு, உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்கிற நிலையில் உள்ள பிராணியை முடித்துவைக்க வழி சொல்கிறது. 2023 நாய் கருத்தடை விதிகள், குணமாகாத நோயோ பிழைக்க முடியாத காயமோ உள்ள தெருநாய்க்கு, அதற்கென அமைத்த குழு பார்த்து உறுதி செய்தபின், தகுதியுள்ள கால்நடை மருத்துவர் கையால் கருணைக்கொலை செய்யச் சொல்கின்றன. (வெறிநோய் விஷயத்தில் மட்டும் எனக்கு மனத்தாங்கல். அந்த நாயைத் தனியாக அடைத்துத் தானாகச் சாகும்வரை வைத்திருக்கச் சொல்கிறது விதி. பெரும்பாலும் 10 நாளைக்குள் முடிந்துவிடும் என்றாலும், அந்தச் சாவைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.)

ஊசி என்றால் நம் ஊரில் பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. சென்னையில் மாநகராட்சியே நாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுகொண்டிருந்தது. அது நின்று கருத்தடைத் திட்டம் வந்தது 1990-களின் நடுவில்தான். இதயத்தில் ஸ்ட்ரிக்னின் என்ற விஷத்தை ஏற்றிக் கொல்வதைப் பெயர் சொல்லித் தடை செய்யவேண்டிய அளவுக்கு நம் சட்டத்துக்கு முன்னனுபவம் இருந்தது. அதனால்தான் சொல்கிறேன்: இடமில்லை, காசில்லை, யாரும் தத்தெடுக்கவில்லை என்பதற்காக நல்ல நாய்க்கு ஊசி போடச் சொல்லி என்னிடம் வராதீர்கள். அது சட்டவிரோதம். அமெரிக்கக் காப்பகங்களில் இடப்பற்றாக்குறைக்காகக் கொல்வதை எதிர்த்துத்தான் ‘கொல்லாக் காப்பகம்’ என்ற இயக்கமே அங்கே வளர்ந்தது. அந்த இயக்கத்துக்காரர்களும் பொதுவாக வைக்கும் அளவுகோல், வந்ததில் 90 சதவீதம் உயிரோடு வெளியே போக வேண்டும் என்பதுதான். காப்பாற்றவே முடியாதவை என்று மிச்சத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். நாம் பெயரை மட்டும் இரவல் வாங்கி, நூற்றுக்கு நூறு என்று போர்டு மாட்டுகிறோம்.

2025 நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கேயே விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு காப்பகக் கூண்டுகள் இன்னும் நெரியும். கூட்டம் சேர்ந்த இடத்தில் டிஸ்டெம்பர், பார்வோ என்ற தொற்றுநோய்கள் தானாக வரும். “இடமில்லை” என்ற காரணம் “குணமாகாது” என்ற சான்றிதழைப் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக வந்துவிடுமோ என்பதுதான் என் கவலை.

ஏனென்றால் அவசரப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். பிறப்புறுப்பில் காலிஃப்ளவர் மாதிரி கட்டி, சொட்டுச் சொட்டாக ரத்தம். “கேன்சர் டாக்டர், முடிச்சிடுங்க.” அது பெரும்பாலும் நாய்க்கு நாய் தொற்றும் கட்டி. வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து, வாரம் ஒரு ஊசி, நாலைந்து வாரத்தில் சுருங்கிவிடும். முடியெல்லாம் கொட்டி நாறும் சொறி நாயும் தேறும். மூன்று காலோடு நாய் நன்றாகவே ஓடும்.

கஷ்டமான இடம் வேறு. அதே முதுகு முறிந்த நாய், ஒரு வீட்டில், மூத்திரம் எடுத்துவிட்டு, மெத்தை மாற்றிப் போட்டு, சக்கர வண்டி கட்டிவிட ஆள் இருந்தால் சந்தோஷமாக வாழலாம். வாழ்கிற நாய்களை நானே பார்க்கிறேன். இருநூறு நாய்க்கு மூன்று பேர் வேலை செய்கிற காப்பகத்தில் வாழாது. எக்ஸ்ரே ஒன்று, பதில் இரண்டு. இது அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் இல்லாத ஆளை இருப்பதாக நினைத்து முடிவெடுத்தால் அந்த அநியாயத்தையும் நாய்தான் சுமக்கிறது. ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் வகுத்த அளவுகோலில் ஏழு கேள்விகள் உண்டு: வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் தொடர்ந்து பார்க்கலாம். காப்பகத்துக்கு எட்டாவதாக ஒன்றை நான் சேர்த்துக் கேட்பேன்: நாளைக்குக் காலையில் இதைச் செய்யப்போவது யார்? பெயர் சொல்லுங்கள்.

காப்பகம் நடத்துகிறவர்களே, எப்போது ஊசி, எப்போது சிகிச்சை என்பதை எழுதி வையுங்கள். நாயைத் தூக்கி வளர்த்த தன்னார்வப் பிள்ளையின் தலையில் அந்த முடிவைக் கட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பும் வேண்டாம். விதிப்படியான குழு பார்க்கட்டும், காரணத்தோடு கையெழுத்துப் போடட்டும். மற்ற நாய்கள் பார்க்கும் இடத்தில் செய்யாதீர்கள். முதலில் மயக்கம், அப்புறம்தான் மற்றது. மயக்காமல் இதயத்தை நிறுத்த மக்னீசியம் சல்ஃபேட் ஏற்றுகிறவர் யாராயிருந்தாலும் வெளியே அனுப்புங்கள். இதயம் நின்றதை மருத்துவர் ஸ்டெத் வைத்து உறுதி செய்யாமல் உடலைத் தூக்கக்கூடாது. ஆழமாகப் புதையுங்கள், மருந்து ஏறிய அந்தச் சதையைத் தின்னும் காக்காயும் நாயும்கூடச் சாகும். அந்த நாயின் படத்தைப் போட்டுப் பணம் கேட்டிருந்தீர்களா? அது போய்விட்டது என்பதையும் அதே பக்கத்தில் போடுங்கள்.

பணம் அனுப்புகிறவர்கள் “கொல்வீங்களா?” என்று கேட்பதை விட்டுவிட்டு இறப்புப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

வயசான நாயைக் காப்பக வாசலில் கட்டிவிட்டுப் போகிறவர்களுக்குச் சொல்ல நல்ல வார்த்தை எதுவும் என்னிடம் இல்லை.

அடிபட்ட நாயை முதலில் பார்க்கிறவர்கள் தயவுசெய்து போட்டோ அனுப்பி “ஊசியா, சிகிச்சையா?” என்று கேட்காதீர்கள். போட்டோவில் விரலைக் கிள்ளிப் பார்க்க முடியாது. வாயைத் துப்பட்டாவால் கட்டுங்கள். மூச்சுத் திணறினாலோ வாந்தி எடுத்தாலோ கட்டவேண்டாம், தலைமேல் துணி போர்த்தினால் போதும். பலகையோ பழைய கதவோ கிடைத்தால் முதுகு வளையாமல் அதன்மேல் நகர்த்தி அப்படியே தூக்கி வாருங்கள். எச்சில் கையில் பட்டால் சோப்புப் போட்டு கால் மணி நேரம் கழுவுங்கள். கையில் கீறலோ புண்ணோ இருந்தால், இல்லை பல் பட்டிருந்தால், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.