தாடை மூட்டு அறுவைக்குக் காப்பீட்டு அட்டை: 'பல் கேஸ்' என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள்

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு வாய் ஒரு விரல் நுழையும் அளவுகூடத் திறக்காது. கையில் காப்பீட்டு அட்டை இருந்தும் மூன்று கவுன்டர் அலைந்தார். "இது பல் கேஸ்மா, வராது" என்றே எல்லா இடத்திலும் பதில். பல்லில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டு ஒட்டிப்போயிருந்தது.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்தும் 2018 முதல் தமிழ்நாட்டில் சேர்ந்தே நடக்கின்றன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. திட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஆயுஷ்மான் விதியில் பல் சிகிச்சை வராது என்ற விலக்கு உண்டுதான். ஆனால் நோயாலோ காயத்தாலோ வந்து, படுக்கையில் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தால் அந்த விலக்கு பொருந்தாது என்றும் அதே விதி சொல்கிறது. கவுன்டரில் முதல் பாதியோடு நிறுத்திவிடுவார்கள். ஒட்டிய மூட்டைப் பிரிக்கும் அறுவை ஆயுஷ்மான் பட்டியலிலேயே இருக்கிறது.

அதனால் டாக்டர் சீட்டில் வெறும் 'தாடை வலி' என்று இருக்கக் கூடாது. எந்த மூட்டு, வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது, இதுவரை என்ன சிகிச்சை, எத்தனை மாதம் என்று எழுதி வாங்குங்கள். ஸ்கேனிலும் கோட்டை விடுவார்கள். பல்லுக்கு எடுக்கும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே படத்தில் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு தெரியாது, அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். எலும்பு ஒட்டியிருந்தால் சி.டி.

மாத்திரை, இரவில் பல்லில் மாட்டும் ஸ்பிளின்ட், பயிற்சி இவையெல்லாம் புறநோயாளி சிகிச்சை, அட்டையில் வராது. பெரும்பாலோருக்கு அதிலேயே வலி அடங்கிவிடும் என்பதும் உண்மை. அடங்காதவர்கள் அந்தச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அறுவை தேவை என்று காட்ட அவைதான் சாட்சி. ஊசி போட்டு மூட்டைக் கழுவும் சிகிச்சையில் பலரை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அது அட்டையில் வருமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

ஆஸ்பத்திரி திட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது, முகத்தாடை அறுவைப் பிரிவும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். அறுவைக்குக் காப்பீட்டுத் திட்டத்தின் முன் அனுமதி வரும்வரை பணம் கட்டாதீர்கள். "இப்போ கட்டுங்க, அப்புறம் வாங்கிக்கலாம்" என்பார்கள். இது கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம். கட்டிய பணத்துக்குப் பின்னால் அலைய நேரிடும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு, மாவட்டக் குறைதீர் குழுவுக்கு மனு கொடுங்கள்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகு 15 நாள் செலவுதான் ஆயுஷ்மான் கணக்கு. வாய் திறக்கும் பயிற்சியோ மாதக்கணக்கில் போகும், விட்டால் மூட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளும். அந்தப் பயிற்சிக்கு எந்த அரசு ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.