மறுகட்டுமானத்துக்காக வீட்டைக் காலி செய்வதற்கு முன்

புளியந்தோப்பு, வியாசர்பாடி என்றாலே ரவுடிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள், 1996-இல் பின்னி துணி ஆலை மூடப்பட்ட பிறகு வட சென்னையில் அத்தனை குடும்பங்களின் பிழைப்பு என்னவாயிற்று என்று கேட்பதில்லை. அவர்களில் பலர் வாழ்ந்த அரசு அடுக்குமாடிகளின் சுவர்களும் பராமரிப்பின்றி விரிசல் விட்டன. அந்தப் பழைய அடுக்குமாடிகளை இடித்து அதே இடத்தில் புதிதாகக் கட்டித் தருவதே மறுகட்டுமானத் திட்டம். இதைச் செய்வது 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய துறை. பெயர்தான் மாறியது; மக்களுக்கு அது இன்றும் ஸ்லம் போர்டுதான்.

புதிய வீடு யாருக்கு என்பதைப் பெரும்பாலும் பழைய ஒதுக்கீட்டு ஆணையே தீர்மானிக்கிறது. அந்த ஆணை இறந்துபோன தாத்தாவின் பெயரில் இருந்தால், இடிப்பு அறிவிப்பு வரும்வரை காத்திராமல் இன்றே வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். ஆணையில் ‘கோ. முனியம்மாள்’ என்றும் ஆதாரில் ‘முனியம்மா கே’ என்றும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கும்படி வாரிய அலுவலகம் வட்டாட்சியரிடம் அனுப்பும், அவர் வாரியத்திடமே திருப்பி அனுப்புவார். ஆதாரை முன்கூட்டியே திருத்திக்கொள்வதுதான் இதற்கு வழி.

ஒதுக்கீடு பெற்றவரிடமிருந்து வீட்டை முத்திரைத்தாளில் எழுதி வாங்கி இருபது ஆண்டுகள் குடியிருந்தவர்களின் நிலை இதைவிட மோசம். கிரயப் பத்திரம் கிடைக்காத ஒதுக்கீட்டுதாரர் வீட்டை விற்க முடியாது என்பதால், அந்தத் தாளுக்கு அலுவலகத்தில் மதிப்பில்லை. மின் கட்டண ரசீது, குடும்ப அட்டை, வாரியத்துக்குத் தவணை கட்டிய சீட்டு ஆகியவற்றைச் சேர்த்துப் பெயர் மாற்றத்துக்கு எழுத்துமூலம் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள். குடியிருப்போரைக் கணக்கெடுக்கும் நாளில் வீடு பூட்டியிருந்தாலும் சிக்கல்தான். ஒரே வீட்டில் மூன்று குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தாலும், பட்டியலில் இடம்பெறுவது ஒரு பெயராகவே இருக்கக்கூடும்.

பிரதமரின் வீட்டுவசதித் திட்ட நிதி சேரும் இடங்களில், ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு மேல் போகக்கூடாது, நாட்டில் எங்கும் சொந்தமாகக் கல்வீடு இருக்கக்கூடாது. பையன் மேல் போலீஸ் கேஸ் இருப்பதால் வீடு கிடைக்காது என்று யாராவது மிரட்டினால், அதை எந்த விதி சொல்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் திட்டத்தின் தகுதி நிபந்தனைகளில் அப்படி எதுவும் இல்லை.

காலி செய்யும் குடும்பத்துக்குக் கருணைத்தொகை 24,000 ரூபாய். கட்டுமானம் 18 மாதத்தில் முடிந்துவிட்டால்கூட மாதத்துக்கு 1,333 ரூபாய்தான் வருகிறது. சென்னையில் எந்த வீட்டுக்காரர் அந்த வாடகைக்கு விடுவார் என்று கோப்பில் கையெழுத்திட்டவர்கள்தான் சொல்ல வேண்டும். முன்பணத்தை இப்போதே திரட்டத் தொடங்குங்கள். புதிய வீட்டுக்குப் பயனாளி பங்களிப்பு எவ்வளவு, எத்தனை தவணை என்பதையும் பழைய வீட்டுச் சாவியை ஒப்படைப்பதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.

புதிய வீட்டைப் பெறும்போதும் அவசரப்படாதீர்கள். 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் புதிய குடியிருப்பில் கை பட்டாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்து, ஐ.ஐ.டி. நிபுணர்களை அழைத்து ஆய்வு செய்ய நேர்ந்தது. குழாயைத் திறந்து பாருங்கள், சுவரைத் தட்டிப் பாருங்கள், குறை தெரிந்தால் தேதி விழும்படி படமெடுத்து, கையெழுத்திடும் தாளிலேயே அதைக் குறிப்பிடுங்கள். மனுவுக்குப் பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாட்களுக்குள் அவர்கள் பதில் தந்தாக வேண்டும்.