ஊருக்குள் பட்டாளம்: அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது, குற்றக் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

2025 ஆகஸ்ட் 11 அன்று டிரம்ப் வாஷிங்டன் நகரத்தில் குற்ற அவசரநிலை என்று அறிவித்து, நகரப் போலீஸைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, தேசியக் காவல்படையையும் தெருவில் இறக்கினார். அன்றிலிருந்து ஒரே சண்டை. ஒரு பக்கம், ஊர் கெட்டுப்போய்விட்டது, பட்டாளம் வந்தால்தான் அடங்கும் என்றார்கள். இன்னொரு பக்கம், குற்றம் 30 வருடத்தில் இல்லாத அளவுக்குக் குறைந்திருக்கிறது, போலீஸ் கணக்கையே எடுத்துப் பாருங்கள் என்றார்கள். உடனே முதல் பக்கம், அந்தக் கணக்கே பொய் என்றது. அங்கே பிள்ளைகள் இருக்கிற நம்மூர் வீடுகளின் வாட்ஸ்அப் குழுக்கள் வரை இது வந்து சேர்ந்தது.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. படையை அனுப்பலாமா கூடாதா என்று தீர்மானிக்கிற சட்டங்கள் எதுவும் குற்ற எண்ணிக்கையைக் கேட்பதில்லை. கொலை இருநூறா முந்நூறா என்பது அந்தச் சட்டங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவை கேட்கும் கேள்வி வேறு. ஆகவே சட்டத்தைத் தனியாகவும் கணக்கைத் தனியாகவும் பார்ப்போம்.

முதலில், யார் இந்தப் படை? தேசியக் காவல்படையில் பெரும்பாலோர் முழுநேர ராணுவத்தினர் கிடையாது. மற்ற நாட்களில் பள்ளிக்கூடத்திலோ கடையிலோ வேலை பார்ப்பவர்கள், மாதத்தில் ஒரு சனி ஞாயிறு பயிற்சிக்குப் போவார்கள், புயல் வெள்ளம் என்றால் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிப் படை, சாதாரண நாட்களில் அந்த மாநில ஆளுநர்தான் அதற்குத் தலைவர். (அங்கே ஆளுநர் என்பவர் தேர்தலில் ஜெயித்து வந்து மாநிலத்தை ஆள்பவர், நம் முதலமைச்சரைப் போல. ராஜ்பவன் கணக்கில் யோசித்தால் இந்த விவகாரமே புரியாது.)

இதே சிப்பாய் மூன்று விதமாகப் பணிக்குப் போகலாம். மாநிலச் செலவில் ஆளுநர் உத்தரவுப்படி போகலாம். அல்லது உத்தரவு ஆளுநருடையது, சம்பளம் மத்திய அரசுடையது என்று சட்டத் தொகுப்பின் 32ஆம் தலைப்பின் கீழ் போகலாம். அல்லது ஆளுநரை ஒதுக்கிவிட்டு அதிபரே 10ஆம் தலைப்பின் கீழ் எடுத்துக்கொள்ளலாம். தெருவில் நிற்கும்போது பார்த்தால் மூன்றுக்கும் சீருடை ஒன்றுதான், வித்தியாசமே தெரியாது. ஆனால் அந்தச் சிப்பாய் போலீஸ் வேலை பார்க்கலாமா என்பது பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

காரணம், 1878ஆம் ஆண்டின் போஸே கோமிட்டாட்டஸ் சட்டம். மத்திய அரசின் ராணுவத்தைப் போலீஸ் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது, அரசியல் சாசனமோ நாடாளுமன்றமோ வெளிப்படையாக அனுமதித்திருந்தால் ஒழிய, என்பதுதான் அதன் சாரம். ஆளுநர் கையில் இருக்கும்வரை காவல்படைக்கு இந்தத் தடை பொருந்தாது, அதிபர் கைக்குப் போனதும் பொருந்தும். இந்தச் சட்டம் பிறந்த கதை அவ்வளவு நல்ல கதை இல்லை. உள்நாட்டுப் போருக்குப் பின் தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களின் ஓட்டுரிமைக்குக் காவலாக நின்ற ராணுவம் இனி வரவே கூடாது என்று அங்கிருந்த வெள்ளையின அரசியல்வாதிகள் நினைத்தார்கள், அதில் விளைந்தது இது. இன்றைக்கு அதே சட்டத்தைக் கேடயமாகப் பிடித்திருப்பவர்கள் டிரம்ப் படை அனுப்புவதை எதிர்ப்பவர்கள்.

போலீஸ் வேலை என்றால் எது? கைது, சோதனை, வண்டிகளை மறிப்பது, கூட்டத்தைக் கலைப்பது, இப்படிப் பொதுமக்கள் மேல் நேரடியாக அதிகாரம் காட்டும் வேலைகள். மத்திய அரசுக் கட்டடத்தின் வாசலில் காவல் நிற்பது அதில் சேராது என்பது அரசின் வாதம். இந்த எல்லைக்கோடு எவ்வளவு சுலபமாக அழியும் என்பது லாஸ் ஏஞ்சலஸில் தெரிந்தது. 2025 ஜூனில் குடியேற்றத் துறைச் சோதனைகளுக்கு எதிராகப் போராட்டம் வந்தபோது, கலிபோர்னியா ஆளுநர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, சுமார் 4,000 காவல்படையினரும் முழுநேர ராணுவப் பிரிவான மரைன் படையின் 700 வீரர்களும் அனுப்பப்பட்டார்கள். கட்டடங்களையும் அதிகாரிகளையும் பாதுகாக்கத்தான் என்று சொல்லப்பட்டது. வழக்கை விசாரித்த மத்திய நீதிபதி சார்லஸ் பிரையர், வீரர்கள் சாலைகளை அடைத்தார்கள், சுற்றி வளையம் போட்டார்கள், கூட்டத்தைக் கட்டுப்படுத்தினார்கள், இது 1878 சட்டத்தை மீறிய செயல் என்று செப்டம்பர் 2 அன்று தீர்ப்பளித்தார். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.

தடை என்று ஒன்று இருந்தால் விலக்கு என்று ஒன்று இருக்கும் அல்லவா? பெரிய விலக்கு 1807இன் கிளர்ச்சிச் சட்டம். மாநிலமே உதவி கேட்டாலோ, சாதாரண வழியில் மத்தியச் சட்டங்களை அமல்படுத்தவே முடியாத நிலை என்று அதிபர் கருதினாலோ, ஒரு பிரிவு மக்களுக்கு அரசியல் சாசன உரிமை மறுக்கப்பட்டு மாநிலம் கைகட்டி நின்றாலோ, படை இறங்கலாம், போலீஸ் வேலையும் பார்க்கலாம். 1957இல் லிட்டில் ராக் பள்ளிக்கூடத்துக்குள் கறுப்பின மாணவர்கள் நுழைய அதிபர் ஐசனோவர் பாராசூட் படைப்பிரிவை அனுப்பியது இதன் கீழ்தான். 1965இல் ஆளுநர் கேட்காமலேயே அலபாமா காவல்படையை அதிபர் ஜான்சன் எடுத்துக்கொண்டதும் இப்படித்தான், அப்போது கறுப்பின மக்களின் ஓட்டுரிமைக்காக நடந்த செல்மா ஊர்வலத்துக்குப் பாதுகாப்பு தேவைப்பட்டது. 1992இல் லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்தின்போது ஆளுநரே கேட்டுப் படை அனுப்பப்பட்டது.

அந்த 1992இல் நடந்த ஒரு சம்பவம், ராணுவத்தையும் போலீஸையும் ஏன் கலக்கக் கூடாது என்று வாதாடுகிற எல்லோரும் சொல்வது. காம்ப்டன் என்ற இடத்தில் ஒரு வீட்டில் குடும்பத் தகராறு, போலீஸார் போகிறார்கள், கூடவே மரைன் வீரர்கள். உள்ளேயிருந்து கதவு வழியாகத் துப்பாக்கிச் சூடு வருகிறது. போலீஸ்காரர் ஒருவர் வீரர்களைப் பார்த்து, "எனக்குக் கவர் கொடுங்கள்" என்று கத்துகிறார். போலீஸ் பழக்கத்தில் அதற்குப் பொருள், துப்பாக்கியை நீட்டித் தயாராக நில், தேவைப்பட்டால் மட்டும் சுடு. மரைன் பயிற்சியிலோ, எதிரி தலை தூக்காதபடி சுட்டுத் தள்ளு. 200க்கும் மேற்பட்ட குண்டுகள் அந்த வீட்டுக்குள் பாய்ந்தன. உள்ளே குழந்தைகளும் இருந்தார்கள். அவர்கள் யாருக்கும் அடிபடாமல் போனதை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வீரர்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தார்களோ அதைச் செய்தார்கள்.

சரி, 2025இல் டிரம்ப் இந்தக் கிளர்ச்சிச் சட்டத்தைத் தொடவில்லை. மிரட்டலோடு நிறுத்திக்கொண்டார். லாஸ் ஏஞ்சலஸ், போர்ட்லாந்து, சிகாகோ மூன்றுக்கும் அவர் எடுத்தது 10ஆம் தலைப்பின் 12406ஆம் பிரிவு. அதிகம் பேர் கேள்விப்படாத பிரிவு அது. மூன்று நிலைமைகளில் ஒன்று இருந்தால் காவல்படையை அதிபர் எடுத்துக்கொள்ளலாம்: அந்நியப் படையெடுப்பு, அரசுக்கு எதிரான கிளர்ச்சி, அல்லது வழக்கமான படைகளைக் கொண்டு சட்டத்தை நிறைவேற்ற இயலாமை. இதில் எங்கேயாவது திருட்டு, வழிப்பறி, கொலை விகிதம் என்று இருக்கிறதா? இல்லை. அதனால்தான் சிகாகோவில் வார இறுதியில் எத்தனை பேர் சுடப்பட்டார்கள் என்று மேடையில் முழங்கினாலும், நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர்கள் பேசியதெல்லாம் குடியேற்றத் துறை அலுவலக வாசலில் நடந்த போராட்டங்களைப் பற்றித்தான்.

சிகாகோ வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே விவகாரம் திரும்பிய இடம் "வழக்கமான படைகள்" என்றால் யார் என்பது. மத்திய அரசின் சிவில் அதிகாரிகளா, முழுநேர ராணுவமா? முழுநேர ராணுவம் என்றே அது பொருள்படக்கூடும், அப்படியானால் ராணுவத்தைச் சட்டப்படி இறக்கக்கூடிய நிலைமை முதலில் இருக்க வேண்டும் என்று சொல்லி, படையை இறக்க விடுங்கள் என்ற அரசின் கோரிக்கையை 2025 டிசம்பர் 23 அன்று நீதிமன்றம் நிராகரித்தது. அந்த மாதம் முடிவதற்குள் மூன்று நகரங்களிலிருந்தும் படையை விலக்கிக்கொள்வதாக டிரம்ப் அறிவித்தார். போர்ட்லாந்து வழக்கில் அதற்கு முன்பே, டிரம்ப் நியமித்த நீதிபதியான கரின் இம்மர்கட்டே தடை விதித்திருந்தார்.

டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரத்துக்கும் படை போனது, அந்தக் கதை வேறு. டென்னசி ஆளுநர் டிரம்பின் குடியரசுக் கட்சிக்காரர், அவரே சம்மதித்தார், படை அவர் தலைமையில் போனது. ஆகவே 12406 தேவையே இல்லை. அங்கே வழக்கு மாநிலச் சட்டத்தை வைத்து நடந்தது.

வாஷிங்டனும் வேறு, அதுதான் எல்லாவற்றிலும் விசித்திரம். அது மாநிலம் அல்ல, ஆளுநர் கிடையாது, அதன் காவல்படைக்கு எப்போதுமே அதிபர்தான் தலைவர். நகரத்துக்குச் சுயாட்சி கொடுத்த 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 740ஆம் பிரிவு, அவசரத் தன்மையுள்ள சிறப்பு நிலைமை இருப்பதாக அதிபர் முடிவு செய்தால் நகரப் போலீஸின் சேவையைக் கேட்கலாம் என்கிறது. 30 நாள்தான் கெடு, அதற்கு மேல் வேண்டுமென்றால் நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும். போடவில்லை, செப்டம்பரில் போலீஸ் மேயர் கைக்குத் திரும்பியது. காவல்படை மட்டும் திரும்பாமல் அங்கேயே இருந்தது. முதலில் 800 பேர், பிறகு மேற்கு வர்ஜீனியா, ஒஹாயோ, தென் கரோலினா என்று மற்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்களையும் சேர்த்து 2,000க்கு மேல். ஆயுதம் வைத்திருந்தார்கள், ரயில் நிலையங்களில் நின்றார்கள், பூங்காக்களில் குப்பையும் பொறுக்கினார்கள். நவம்பரில் இந்தப் பணியமர்த்தல் சட்டவிரோதம் என்று ஒரு நீதிபதி சொன்னார், மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. அந்த இடைவெளியில்தான் வெள்ளை மாளிகைக்குப் பக்கத்தில் மேற்கு வர்ஜீனியப் படையினர் இருவர் சுடப்பட்டு, ஒருவர் இறந்தார்.

ஆக, அவசர நிலைமை என்ற சொல் வருகிற வாஷிங்டனில்தான் குற்றக் கணக்குக்குக் கொஞ்சமாவது வேலை. அங்கேயும் எண் இத்தனை என்று சட்டம் வரையறுக்கவில்லை, முடிவு அதிபருடையது. சரி, அந்த எண் உண்மையா?

2024இல் வன்முறைக் குற்றம் முந்தைய ஆண்டைவிட 35 சதவீதம் குறைந்தது என்பது நகரப் போலீஸ் வெளியிட்ட எண். அதே நகரம், அதே ஆண்டு, மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் கணக்கிலோ சுமார் 9 சதவீதம்தான் குறைவு. இதைப் பார்த்ததும் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று தோன்றும். அவ்வளவு சுலபம் இல்லை. நகரப் போலீஸ் தன் இணையதளத்தில் தினமும் போடும் கணக்கில் ஆபத்தான ஆயுதத்தால் தாக்கியது மட்டும்தான் சேரும். எஃப்.பி.ஐ. கணக்கில் ஆயுதம் இல்லாமல் கடுமையாக அடித்துக் காயப்படுத்தியதும் சேரும். தாக்குதல்தான் எண்ணிக்கையில் பெரியது என்பதால் மொத்தமே மாறிவிடுகிறது. இரண்டு எண்ணும் அதனதன் வரையறைப்படி வந்தவைதான், 35ஐ மட்டும் எடுத்துத் தூக்கிப் பிடித்தவர்கள்தான் அந்த வரையறையைச் சொல்லவில்லை.

ஆனால் சந்தேகத்துக்கு இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2025 மே மாதம், கணக்கை மாற்றியதாகக் குற்றச்சாட்டு வந்து, ஒரு வட்டாரத்தின் போலீஸ் கமாண்டர் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார். பெரிய குற்றத்தைச் சின்னக் குற்றமாகப் பதியச் சொல்கிறார்கள் என்று போலீஸ் சங்கம் முன்பே குற்றம் சாட்டிக்கொண்டிருந்தது. தாக்குதல் புகாரைச் சாதாரணக் கைகலப்பாக எழுதினால் போதும், அது தினசரிப் பட்டியலிலேயே வராது. இது வாஷிங்டனின் கண்டுபிடிப்பு அல்ல. எண்ணை வைத்து அதிகாரியின் பதவி உயர்வு தீர்மானிக்கப்படுகிற எந்த ஊரிலும் நடப்பது. எஃப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆர். கொடுத்து அனுப்பும் ஸ்டேஷனைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் முதலில் கொலையைப் பார்ப்பார்கள். பிணத்தை யாரும் சின்னக் குற்றமாக எழுத முடியாது. வாஷிங்டனில் 2023இல் 274 கொலைகள், 2024இல் 187. இது உண்மையான இறக்கம். அதோடு, சுமார் 7 லட்சம் பேர் வாழும் ஊருக்கு 187 என்பது இன்னமும் மிக அதிகம், லட்சத்துக்கு 26க்கு மேல். குறைந்தது என்றவரும் சரி, மோசம் என்றவரும் சரி. அவர்கள் பேசியது ஒரே விஷயத்தைப் பற்றி அல்ல, அவ்வளவுதான்.

நாடு முழுக்க என்று போனால் இன்னும் குழப்பம். அமெரிக்காவில் சுமார் 18,000 போலீஸ் அமைப்புகள் உண்டு, எஃப்.பி.ஐ. 1930இலிருந்து அவர்களிடம் வாங்கித் தொகுக்கிறது, கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. பழைய முறையில் ஒரே சம்பவத்தில் கொள்ளையும் கொலையும் நடந்தால் கொலை மட்டும் எண்ணப்படும் (நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகமும் பெரிய குற்றத்தை மட்டும் எண்ணும் இதே வழியில்தான் போகிறது). 2021இல் புதிய விரிவான முறைக்கு மாறியே ஆக வேண்டும் என்றார்கள், நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலஸும் அந்த ஆண்டு மாறவில்லை, நாட்டின் இரண்டு பெரிய நகரங்களே இல்லாத ஒரு தேசியக் கணக்கு வந்தது. அடுத்த ஆண்டு பழைய முறையிலும் வாங்கிக்கொண்டார்கள். ஆகவே 2021ஐ வைத்து ஏற்றம் இறக்கம் பேசுகிற எவரையும் நம்ப வேண்டாம், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நீதித் துறையின் புள்ளியியல் பிரிவு 1973இலிருந்து வீடு வீடாக மக்களையே கேட்கிறது, உங்களுக்கு ஏதாவது நடந்ததா, போலீஸுக்குச் சொன்னீர்களா என்று. வன்முறைக் குற்றங்களில் பாதிக்கும் குறைவாகத்தான் போலீஸிடம் போகின்றன என்பது அதிலிருந்து தெரிய வருவது. இதில் கொலை கிடையாது, செத்தவரைப் பேட்டி எடுக்க முடியாது. ஒரு நகரத்தின் நிலையைச் சொல்லவும் பெரும்பாலும் இது உதவாது.

படை வந்ததால் குறைந்ததா என்ற கேள்விக்கும் இந்த எண்களிடம் நேரடிப் பதில் இல்லை. வாஷிங்டனில் படை வருவதற்கு முன்பே 2025இன் வன்முறைக் குற்றம் போலீஸ் கணக்குப்படி முந்தைய ஆண்டைவிட 26 சதவீதம் குறைவாக ஓடிக்கொண்டிருந்தது. இறங்கிக்கொண்டே இருந்த கோடு பிறகும் இறங்கினால் அதில் எவ்வளவு யாருடையது என்று எப்படிப் பிரிப்பது? அதோடு அங்கே இறங்கியது காவல்படை மட்டும் அல்ல, எஃப்.பி.ஐ., போதைத் தடுப்பு, குடியேற்றத் துறை என்று நூற்றுக்கணக்கான அதிகாரிகளும் சேர்ந்துதான், பெரும்பாலான கைதுகள் அவர்களும் நகரப் போலீஸும் செய்தவை.

அடுத்த முறை இப்படி ஒரு எண் கைக்கு வந்தால், அது எந்த அமைப்பின் எண், தாக்குதலில் எது சேர்ந்திருக்கிறது, எந்த ஆண்டோடு ஒப்பிட்டது என்று மூன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். எஃப்.பி.ஐ.யின் முழு ஆண்டுக் கணக்கு வழக்கமாக அடுத்த ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வரும், அதுவும் பிற்பாடு திருத்தப்படும். 2022இல் வன்முறைக் குற்றம் குறைந்தது என்று முதலில் சொன்ன அதே எஃப்.பி.ஐ., பிறகு சத்தமில்லாமல் மாற்றிய அட்டவணையில் அந்த ஆண்டு ஏற்றம்தான் இருந்தது.