தலையா, கப்பலா?

காசைச் சுண்டிவிட்டு நாம் 'பூவா, தலையா' என்போம். ரோமானியச் சிறுவர்கள் 'தலையா, கப்பலா' என்றார்கள். குடியரசுக் காலத்து 'ஆஸ்' என்ற வெண்கலக் காசில் ஒருபுறம் இரட்டைமுகத் தெய்வம் ஜானஸ், மறுபுறம் கப்பலின் முனை. பேரரசர்கள் வந்ததும் தெய்வத்தின் இடத்தில் அவர்கள் தலை ஏறிக்கொண்டது.

இவற்றை மொத்தமாக 'வெண்கலக் காசு' என்கிறோம். ஆனால் கி.மு. 20-ஐ ஒட்டி முதல் பேரரசர் அகஸ்டஸ் சில்லறையைச் சீர்திருத்தியபோது செஸ்டர்ஷியஸ் என்ற பெரிய காசும், அதில் பாதி மதிப்புள்ள டுபாண்டியஸும் பித்தளையாயின. அதிலும் பாதியான ஆஸ் வெறும் செம்பு.

அந்தக் காலத்தில் பித்தளை செய்வது லேசான காரியமல்ல. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும். செம்பு உருகவோ 1,085 டிகிரி வேண்டும். அதனால் செம்புத் துண்டு, துத்தநாகத் தாது, கரித்தூள் மூன்றையும் மூசையில் போட்டு வாயை மூடிச் சுட்டார்கள். தாதுவிலிருந்து ஆவியாக எழும் துத்தநாகம் வெளியேற வழியின்றி, உருகாத செம்புக்குள்ளேயே ஊறியது. எவ்வளவு சுட்டாலும் ஏறத்தாழ 28 சதவீதத்துக்கு மேல் ஊறாது.

டுபாண்டியஸும் ஆஸும் கிட்டத்தட்ட ஒரே அளவு. புதுக்காசில் மஞ்சளும் சிவப்பும் பளிச்சென்று தெரியும். நாலு கை மாறினால் இரண்டும் ஒரே பழுப்பு! நீரோ காலத்தில் இதற்கு ஒரு வழி கிடைத்தது: டுபாண்டியஸில் பேரரசர் தலைக்குக் கதிர்முடி. எழுத்தறியாதவரும் முடியைப் பார்த்து மதிப்பைச் சொல்லிவிடலாம்.

முகம் செதுக்கிய அச்சைப் பட்டடையில் பதித்திருப்பார்கள். சூடேற்றிய வில்லையைக் குறட்டால் அதன்மேல் வைத்து, மேலச்சைப் பிடித்துக்கொண்டு சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். கை கொஞ்சம் பிசகினால் படம் ஓரத்துக்குப் போய்விடும். அடியை நேரே வாங்கும் மேலச்சுதான் சீக்கிரம் தேயும், பிளக்கும். பேரரசரின் முகம் பத்திரமாகக் கீழே இருந்தது. பின்பக்கப் படமே அடி வாங்கியது.

செய்தி இருந்ததும் அந்தப் பின்பக்கத்தில்தான். கி.பி. 70-இல் யூதர் நாடான யூதேயாவின் ஜெருசலேம் ரோமானியரிடம் வீழ்ந்தது. மறு ஆண்டே வெஸ்பேசியனின் செஸ்டர்ஷியஸில் நடுவே ஒரு பேரீச்சமரம். அதன் அடியில் தலையைக் கையில் தாங்கி அழும் பெண். மரத்துக்கு அந்தப் பக்கம், சில அச்சுகளில், ஈட்டியோடு நிற்கும் பேரரசர். சுற்றிலும் 'யூதேயா கைப்பற்றப்பட்டது' என்ற வாசகம். கீழே 'செனட்டின் ஆணைப்படி' என்பதைக் குறிக்கும் இரண்டெழுத்து. எல்லாம் மூன்றரை சென்டிமீட்டர் வட்டத்துக்குள். இந்தச் சிக்கனத்துக்காகவே செதுக்கியவனைப் பாராட்டலாம், சொன்ன செய்திக்காக அல்ல.

பழைய காசை உருக்கிப் புதுக்காசு அடிக்கும்போதெல்லாம் துத்தநாகம் கொஞ்சம் ஆவியாகிப் போனது; பித்தளையின் மஞ்சளும் மங்கிக்கொண்டே வந்தது. 4-ஆம் நூற்றாண்டுக்குள் பெரிய செஸ்டர்ஷியஸ் போய், விரல் நகமளவு செப்புக்காசுகள் புழங்கின. கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைப்பவை பெரும்பாலும் இந்தப் பொடிக்காசுகளே. பலவற்றில் இருப்பது எந்தப் பேரரசரின் தலை என்றே தெரியாத அளவுக்குத் தேய்ந்துபோயிருக்கும்.