காது மடலைப் பாருங்கள்

சீரியலில் வரும் பெண் நிஜமாகவே கறுப்பா, பூசிய கறுப்பா என்று தெரியவேண்டுமா? முகத்தை விடுங்கள். காது மடலுக்குப் பின்னால் பாருங்கள், இல்லையென்றால் விரல் முட்டியை. பாத்திரம் கழுவுகிற ஸீன் எடுத்தால் அங்கேதான் முதலில் கரையும். பதினாறு வருடமாகச் சின்னத்திரைக்கு மேக்கப் போடுகிறேன். அந்த இரண்டு இடத்திலும் நானே எத்தனையோ முறை கோட்டை விட்டிருக்கிறேன்.

ஒரு லுக் டெஸ்ட். கதைப்படி நாயகி கறுப்பு, அதற்காகவே மாமியாரிடம் பேச்சு வாங்குகிறவள். அதே நிறத்தில் இரண்டு பெண்கள் வந்து நன்றாகத்தான் நடித்துக் காட்டினார்கள். “முகத்துல களை இல்லையே” என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் நல்ல சிவப்பான பெண் ஒருவர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். “மூணு ஷேட் இறக்கிடுங்க.” இறக்கினேன். கல்யாண ஸீன் வந்ததும், “இன்னைக்கு ஒரு நாள் கொஞ்சம் ஏத்திடுங்க.” அதையும் செய்தேன்.

இது ஒரு செட்டோடு போகிற கதை இல்லை. 2014-இல் மலையாளத்தில் ‘கறுத்தமுத்து’, 2017-இல் தெலுங்கில் ‘கார்த்திக தீபம்’, 2019-இல் தமிழில் ‘பாரதி கண்ணம்மா’. மூன்றிலும் கறுத்த பெண் படும் பாடுதான் கதை. முதல் இரண்டிலும் நாயகியாக நடித்த பிரேமி விஸ்வநாத்துக்கு கறுப்பைக் கூட்டித்தான் கேமரா முன்னால் நிறுத்தினார்கள். நிறம் பார்க்காதே என்று சொல்கிற கதைக்கே இந்தக் கதி!

நிறம் இனத்துக்கு அடையாள அட்டையாகும்போது இன்னும் மோசம். 2021-இல் ‘தி ஃபேமிலி மேன்’ இந்தி வெப் சீரிஸின் இரண்டாம் பாகத்தில் ஈழத்துப் போராளியாக நடித்த சமந்தாவுக்கு நிறத்தை இறக்கியிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் எல்லா நிறத்திலும் ஆட்கள் உண்டு, நம்மூரைப் போலத்தான். பிறகு அந்த ஷேட் எதற்கு?

தொழில் ரீதியாக ஒன்று சொல்கிறேன். சிவந்த தோலின் மேல் பிரவுன் பேஸ் ஏற்றினால் லைட்டில் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். இயல்பான கறுப்பில் அந்தத் தொல்லை இல்லை. பக்கவாட்டில் ஒரு லைட் வைத்தால் கன்னமும் நெற்றியும் அப்படியே மின்னும். ஆனால் பக்கத்தில் நிற்கும் சிவப்பு முகத்துக்குத்தான் லைட் வைப்பார்கள். மானிட்டரில் கறுத்த பெண் இருட்டாகத் தெரிவார். “டல்லா இருக்கு, கலர் ஏத்துங்க” என்று குரல் வரும். கழுத்தை மறந்து முகத்தை மட்டும் வெளுப்போம்.

போன வருடம் தோழி வேடத்துக்கு வந்த பெண் தயங்கிக்கொண்டே கேட்டாள்: “அக்கா, என் கலர் உங்க பெட்டியில இருக்கா? இருந்தா அதையே போடுங்களேன்.”

தேடினேன். தோழிகளுக்கென்று வைத்திருந்த எதுவுமே சேரவில்லை. நாயகியைக் கறுப்பாக்க வாங்கிய டப்பா அடியில் கிடந்தது. அவள் தாடையோரம் ஒரு தீற்று இழுத்துப் பார்த்தேன். போட்ட இடம் தெரியவில்லை.