குடற்புழு மாத்திரை: பிள்ளை விடுபட்டால் எங்கே போய்க் கேட்பது?

பிப்ரவரியில் ஒரு முறை, ஆகஸ்டில் ஒரு முறை, 1 முதல் 19 வயது வரை உள்ள எல்லோருக்கும் அரசு ஒரு வேளை அல்பெண்டசோல் மாத்திரையை இலவசமாகத் தருகிறது. தேசிய குடற்புழு நீக்க நாள் என்று பெயர். 2015 முதல் நடக்கிறது. பின்னணி இவ்வளவு போதும். மாத்திரைக்குப் பஞ்சமில்லை, அது கிடைக்கும் நாட்கள்தான் குறைவு.

வழக்கமாக 10ஆம் தேதி. விடுமுறை குறுக்கிட்டால் ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போகும். ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து, விடுபட்டவர்களுக்கென்றே இரண்டாவது நாள் ஒன்று உண்டு. முதல் நாளுக்குப் பேனர் கட்டுவார்கள். இரண்டாவது நாள் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. ஜனவரி கடைசியிலும் ஜூலை கடைசியிலும் கிராம சுகாதார செவிலியரிடம் இரண்டு தேதிகளையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் பேர் திரும்பிப் போவது அங்கன்வாடி வாசலில். "பெயர் எங்கள் பதிவேட்டில் இல்லையே" என்பார்கள். இருக்க வேண்டியதில்லை. அங்கன்வாடியில் சேராத 1 முதல் 5 வயதுக் குழந்தைக்கும், பள்ளிக்கே போகாத 6 முதல் 19 வயதுப் பிள்ளைக்கும் அங்கன்வாடிதான் இடம் என்பது திட்டத்தின் விதி. செங்கல் சூளையிலும் கட்டுமான இடத்திலும் தங்கியிருக்கும் வெளியூர்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இதே விதிதான். "உங்கள் ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் அங்கேயே நின்று, பள்ளி செல்லாதவர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். அசையவில்லையா? துணை சுகாதார நிலையம், அதற்கடுத்து ஆரம்ப சுகாதார நிலையம். எங்கே கேட்பது என்றே தெரியாவிட்டால் 104 என்ற சுகாதார உதவி எண்.

அடுத்தது, "கையில் கொடுங்கள், வீட்டில் போட்டுவிடுகிறேன்" என்று பெற்றோர் கேட்பது. தர மாட்டார்கள், இதில் அவர்கள் சொல்வது சரி. கண்முன்னே சாப்பிட வைக்க வேண்டும் என்பது விதி, ஆகவே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதுதான் வழி. ஆனால் சில வகுப்புகளில் மாத்திரையைப் பையில் போட்டு அனுப்பிவிட்டு, எல்லோரும் சாப்பிட்டதாகக் கணக்கு முடிப்பதும் உண்டு. முதல் நாள் சாப்பிட்டவர் பெயருக்கு நேரே வருகைப் பதிவேட்டில் ஒரு டிக், இரண்டாவது நாள் சாப்பிட்டவருக்கு இரண்டு டிக் போட வேண்டும். "மென்று தின்றாயா?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். இல்லை என்றால், இரண்டாவது நாளுக்கு முன்பே தலைமையாசிரியரைப் பார்த்து அந்த டிக்கைக் காட்டச் சொல்லுங்கள். தனியார் பள்ளிகளுக்கும் திட்டம் பொருந்தும். சில பள்ளிகள் சம்மதச் சீட்டு அனுப்பும். கையெழுத்துப் போடாத சீட்டு டைரிக்குள்ளேயே கிடந்தால் மாத்திரையும் அதோடு போயிற்று.

அன்று காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தாலோ, வேறு நோய்க்கு மருந்து ஓடிக்கொண்டிருந்தாலோ கொடுக்க மாட்டார்கள். அது மறுப்பல்ல, தள்ளிவைப்பு. இரண்டாவது நாளில் கேளுங்கள். வலிப்பு வந்த பிள்ளை என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மருத்துவரைக் கேட்டபிறகுதான் கொடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் இந்த நாளில் மாத்திரை உண்டு. பலருக்குத் தெரியாது, கேட்காதவர்களுக்குக் கிடைப்பதுமில்லை. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இந்த வரிசையில் நிற்கக் கூடாது. கர்ப்பிணிக்கு நான்காவது மாதத்துக்குமேல், பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவர் பார்த்துக் கொடுப்பது தனி.

அளவில் தவறு நடப்பது சின்னக் குழந்தைகளிடம்தான். 1 முதல் 2 வயது வரை அரை மாத்திரை, அதாவது 200 மில்லிகிராம். 2 வயதுக்குமேல் முழு மாத்திரை, 400. மூன்று வயதுவரை நன்றாகப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துத்தான் தர வேண்டும். அழும் குழந்தையின் மூக்கைப் பிடித்து வாயில் திணிப்பதை உடனே தடுங்கள். புரையேறி மூச்சடைக்கும் ஆபத்து மருந்தில் இல்லை, அந்தத் திணிப்பில் இருக்கிறது. பெரிய பிள்ளைகளும் விழுங்காமல் மெல்ல வேண்டும்.

சாப்பிட்டபின் சிலருக்கு வயிற்றுவலி, குமட்டல், வாந்தி வரும். வயிற்றில் புழு அதிகம் உள்ளவர்களுக்கே பெரும்பாலும் இப்படி ஆகும். நிழலில் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுத்தால் சிறிது நேரத்தில் தணியும். தணியாவிட்டால் 108.

"போன தடவைதான் போட்டோமே" என்று ஒரு சுற்றை விடாதீர்கள். மாத்திரை அன்று குடலில் இருக்கும் புழுவைக் கொல்லும், நாளைக்கு வரும் புழுவைத் தடுக்காது. ஒரு பெண் உருண்டைப்புழு நாளொன்றுக்கு இரண்டு லட்சம் முட்டை வரை இடும். அவை மலத்தோடு மண்ணில் விழுந்து, இரண்டு மூன்று வாரம் முதிர்ந்த பிறகே தொற்றும் நிலைக்கு வரும். கழுவாத கீரை, நகத்து அழுக்கு வழியாக வாய்க்குப் போகும். கொக்கிப்புழு வேறு ரகம்: முட்டை மண்ணிலேயே பொரித்து, குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே நுழையும். திறந்தவெளியில் மலம் கழிக்கும் பக்கம் செருப்பில்லாமல் நடக்கும் பிள்ளைக்கு ஒரு சுற்று மாத்திரையோடு எதுவும் முடிவதில்லை.

இரவில் ஆசனவாயில் அரிப்பு என்றால் அது பெரும்பாலும் கீரிப்பூச்சி. அது மண்ணுக்குப் போகாமல் நகம், படுக்கைவிரிப்பு வழியாகவே வீடு முழுக்கப் பரவும். பள்ளியில் கொடுத்த ஒரு வேளை போதாது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை, அதுவும் வீட்டில் உள்ள எல்லோருக்கும் வேண்டும். அதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

மாத்திரையோடு நிறுத்திவிடுவதுதான் பொதுவாக நடக்கும் பிழை. கொக்கிப்புழு குடலைக் கடித்து இரத்தம் குடிக்கிறது. புழு செத்தாலும் போன இரத்தம் தானாகத் திரும்பாது. பிள்ளை வெளிறிப்போயிருந்தால், எளிதில் களைத்தால், மண் தின்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள், காசு கிடையாது. பள்ளியில் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை தர வேண்டும்: 10 வயதுக்குக் கீழே இளஞ்சிவப்பு, மேலே நீலம். எந்த நிறம், எந்தக் கிழமை கொடுத்தார்கள் என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பதில் வரவில்லை என்றால் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.