முதலிடத்தைப் பார்த்துப் படம் பார்க்காதீர்கள்

திரைப்பட ரசனை வகுப்பு எடுக்கும் எனக்கு இது பழகிப்போன புகார்தான். ஆனாலும் சென்ற வாரம் ஒரே நாளில் மூன்று பேர் வந்து அதையே சொன்ன பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. "உலகின் தலைசிறந்த படம் என்று அறிவித்திருக்கிறார்களே, மூன்று மணி நேரத்துக்கும் மேலாக ஒரு பெண்மணி உருளைக்கிழங்குத் தோல் சீவுவதையும் பாத்திரம் கழுவுவதையும்தான் காட்டுகிறார்கள், விமர்சகர்கள் நம்மை ஏமாற்றுகிறார்களா?" என்பது அவர்கள் கேள்வி. எப்படிப் பார்த்தீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். மூவரும் கைபேசியில் பார்த்திருந்தார்கள். அவர்களில் இருவர் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டியிருந்தார்கள்.

அவர்கள் சொன்ன படம் ஷான்டல் ஆகர்மன் இயக்கி 1975-இல் வெளிவந்த 'ழான் டீல்மன்'. லண்டனிலிருந்து வரும் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் நடத்தும் வாக்கெடுப்பில், 2022-இல் அது முதலிடம் பெற்றது. செய்தி நம் ஊருக்கு வந்து சேர்வதற்குள் 'முதலிடம்' என்பது 'தீர்ப்பு' ஆகிவிட்டது. எனக்கு எரிச்சல் மூட்டுவது இந்த ஒரு சொல்மாற்றம்தான்.

வாக்கெடுப்பில் யாரும் எந்தப் படத்தையும் 'உலகின் தலைசிறந்தது' என்று அறிவிப்பதில்லை. ஒவ்வொருவரும் பத்துப் படங்களின் பெயரை எழுதி அனுப்புகிறார்கள். அந்தப் பத்துக்குள் மேல் கீழ் கிடையாது, ஒரு படத்துக்கு ஒரு வாக்கு, அவ்வளவுதான். நூறு பேரிடம் பிடித்த பத்து உணவுகளை எழுதச் சொன்னால் இட்லி முதலிடம் பிடித்துவிடலாம். அந்த நூறு பேரில் ஒருவருக்குக்கூட இட்லி முதல் விருப்பமாக இருந்திருக்கத் தேவையில்லை, பலருடைய பட்டியலில் ஏதோ ஒரு மூலையில் இடம்பெற்றிருந்தாலே போதும். கணக்காகவே பாருங்கள்: 2012-இல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' முதலிடம் பெற்றபோது வாக்களித்தவர்கள் 846 பேர், அதற்குக் கிடைத்த வாக்குகள் 191. மீதி 655 பேர் தங்கள் முதல் பத்தில்கூட அதைச் சேர்க்கவில்லை. இதை 'விமர்சகர்களின் ஏகமனதான முடிவு' என்று ஒருவர் எழுதினால், அவர் எண்களைப் படிக்கவில்லை என்றுதான் பொருள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அதே இதழ் அதே 2022-இல் இயக்குநர்களிடம் தனியாக நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றது ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'. ஒரே ஆண்டில், ஒரே இதழில், இரண்டு 'உலகின் தலைசிறந்த' படங்கள்!

வாக்களிப்போர் மாறும்போது முடிவும் மாறுகிறது. 1952-இல் முதலிடத்தில் இருந்த இத்தாலியப் படம் 'பைசைக்கிள் தீவ்ஸ்' அப்போது வெளிவந்து நான்கே ஆண்டுகள் ஆன படம். 1972-இல் முதல் பத்திலேயே அது இல்லை. 1952-இல் முதல் பத்துக்குள் வராத 'சிட்டிசன் கேன்' 1962 முதல் 2002 வரை ஐந்து முறை தொடர்ந்து முதலிடத்தில் அமர்ந்திருந்தது. 'ழான் டீல்மன்' 2012-இல் முதல் 30-க்குள்கூட இல்லை. அடுத்த வாக்கெடுப்பில் வாக்காளர் எண்ணிக்கை ஏறக்குறைய இரு மடங்காகி 1,600-ஐத் தாண்டியபோது மேலே வந்தது. படங்களில் ஒரு பிரேம்கூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். 2022 பட்டியலைப் பார்த்து 'சத்யஜித் ராயின் பதேர் பாஞ்சாலி 35-ஆம் இடம்தானா' என்று வருந்துவோருக்கும் இதுவே பதில். அந்தப் படத்தின் மூல நெகட்டிவ் 1993-இல் லண்டனில் நேர்ந்த தீவிபத்தில் கருகி, எஞ்சியவற்றைக் கொண்டு பாடுபட்டுச் சீரமைக்கப்பட்டு 2015-இல்தான் திரும்பி வந்தது. நல்ல பிரதி கிடைக்கும் படத்துக்குத்தானே வாக்கு விழும்?

இனி அந்த உருளைக்கிழங்கு. கதாநாயகி பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் மகனுடன் வாழும் விதவை. மூன்று நாள் கதையில் முதல் நாள் முழுவதும் அவர் அறையை விட்டு வெளியேறும்போதெல்லாம் விளக்கை அணைக்கிறார், பணம் போட்டுவைக்கும் பீங்கான் கிண்ணத்தை மூடிவைக்கிறார், எல்லாம் கடிகார ஒழுங்கில் நடக்கிறது. இரண்டாம் நாள் கிண்ணத்தின் மூடி திறந்தே கிடக்கிறது, கிழங்கு அளவுக்கு மீறி வெந்துவிடுகிறது, அந்தப் பாத்திரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் வீட்டுக்குள் அலைகிறார். முதல் நாளின் நிதானம் நம் உடம்பில் ஏறியிருந்தால்தான் இந்த அலைச்சல் வயிற்றைப் பிசையும். 201 நிமிடப் படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் 134 நிமிடமாகச் சுருக்கியவருக்கு அந்த நிதானமும் கிடைக்காது, அது குலைவதும் தெரியாது. மருந்தைக் கீழே கொட்டிவிட்டு வைத்தியரைத் திட்டுவது எந்த ஊர் நியாயம்?

ஆகவே தயவுசெய்து, தர வரிசையின் முதல் படத்திலிருந்து தொடங்காதீர்கள். அதில் முதல் நூறு இடங்களில் உள்ள படங்களில் உங்களுக்குத் தெரிந்த மொழியோ, பிடித்த நடிகரோ, ஏற்கெனவே ரசித்த இயக்குநரோ இருக்கும் ஒன்றை எடுத்து, அங்கிருந்து கிளை பிடித்துப் போங்கள். வேகத்தைக் கூட்டாதீர்கள். தொலைக்காட்சியில் பார்ப்பதானால், அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பை முதலில் அணைத்துவிடுங்கள். நல்ல ஒளிப்பதிவை நாடகத் தொடர் போலக் காட்டும் அந்த வசதியை எவர் கண்டுபிடித்தாரோ, அவர் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. பிடிக்காமல் போனால் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள். ஆனால் முழுதாக, ஒரே அமர்வில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

புகார் சொன்ன மூவரையும் வரும் ஞாயிற்றுக்கிழமை திரையிடலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அன்று 'ழான் டீல்மன்' கிடையாது, 'பைசைக்கிள் தீவ்ஸ்' மட்டும்தான். ஒன்றரை மணி நேரப் படம். கைபேசிகளை வாசலில் ஒரு கூடையில் போட்டுவிட்டு உள்ளே வர வேண்டும்.